ஆர்வில் முந்திக்கொண்டு அழித்த பெயர்

புதிய தலைமைப் பயிற்சியாளர் ஒருவர் வரும்போதெல்லாம், ஆர்வில் ஸெலிங்கா முந்தின தடவையைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பெயிண்டில் தண்ணீர் கலப்பார். பத்தொன்பது வருடங்களாக இதைப் பார்த்து வருகிறேன். முதல் பயிற்சியாளரின் பெயரைக் கார் நிறுத்துமிடத் தரையில் கெட்டியாக எழுதியிருந்தார். அந்த மனிதர் பதினோரு மாதத்தில் போனபோது, பெயரைத் தரையிலிருந்து சுரண்டி எடுக்க இரண்டு நாளும் ஓர் இயந்திரமும் தேவைப்பட்டன. ஏழாவது ஆள் ராய்ஸ் கிளாபென்ஷ்மிட் வந்து சேர்ந்தபோது பெயிண்ட் மோர் மாதிரி ஓடியது. “இத்தனை நீளப் பேரை வச்சுக்கிட்டு இந்த டீமுக்கு எதுக்கு வந்தார்?” என்று ஆர்வில் அலுத்துக்கொண்டார். அவருக்குப் பிடித்த பயிற்சியாளர் ‘லீ’ என்பவர்தான். எழுதவும் சுலபம், அழிக்கவும் சுலபம்.

டொலிடோ ஹெரான்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் மைதானத்தில் கோடு போடுவது ஆர்விலின் வேலை. ஆட்டத்துக்கு முந்தின நாள் புல்லின் மேல் வெள்ளைக் கோடுகள், கெஜ எண்கள், நடுவில் அணியின் சின்னமாக ஒற்றைக் காலில் நிற்கும் பெரிய நாரை. கார் நிறுத்துமிடத்தில் யார் காருக்கு எந்த இடம் என்று பெயர் எழுதுவதும் அவர்தான். கண்ணாடித் தொழிற்சாலை மூடியபிறகு இங்கே வந்தவர். நான் சலவை அறையில் சட்டைகளைத் துவைக்கிறேன். என் ஜன்னலுக்கு நேர் எதிரே தலைமைப் பயிற்சியாளரின் இடம்.

ஆர்வில் ஓர் ஆட்டத்தைக்கூட ஆட்டமாகப் பார்த்தது கிடையாது. கோடுகளைத்தான் பார்ப்பார். ஊரே எழுந்து நின்று கத்தும்போது, “அந்தத் தடியன் என் இருபதாவது கெஜத்து மேலயே விழுந்து புரள்றான் பாரு, வெர்லீன்” என்று என்னிடம் வயிறெரிவார்.

அந்தக் கோடுகளின் ராஜ்ஜியத்துக்குச் செப்டம்பரில் ஆபத்து வந்தது. முதல் ஆட்டத்தில் ஒரே பக்கத்தில் நாற்பது என்ற எண்ணை இரண்டு தடவை எழுதிவிட்டார். முப்பது காணாமல் போயிற்று. தொலைக்காட்சி வர்ணனையாளர்கள் கால்மணி நேரம் சிரித்தார்கள். அணியின் சொந்தக்காரியான திருமதி பஃபிங்டன் மறுநாளே வந்து, “இன்னொரு தப்பு பண்ணினா சாவியக் குடுத்துட்டு வீட்டுக்குப் போயிடு, ஆர்வில்” என்றார்.

“அறுபத்து மூணு வயசுல, கோடு போடத் தெரியும்னு போய் நின்னா எவன் வேலை குடுப்பான்?” என்று ஆர்வில் என்னிடம் கேட்டார். அன்று தன் சாண்ட்விச்சில் பாதியை அப்படியே வைத்துவிட்டார். அதற்குமுன் அவர் ரொட்டியின் ஓரத்தைக்கூட விட்டதில்லை.

அந்தப் பருவத்தில் அணி வரிசையாக ஒன்பது ஆட்டங்கள் தோற்றது. ரசிகர்கள் முகத்தைக் காட்ட வெட்கப்பட்டு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்ட காகிதப் பைகளைத் தலையில் மாட்டிக்கொண்டு வந்தார்கள். பயிற்சியாளர் இருக்கிறாரா போய்விட்டாரா என்பதில் எங்கள் ஊர் பத்திரிகையை நம்பாது. தரையில் பெயர் இருக்கிறதா என்றுதான் பார்க்கும். பயிற்சியாளர்களை வேலையைவிட்டு அனுப்புவது திங்கட்கிழமைகளில்தான் என்பதால், திங்கள் காலைகளில் நாலைந்து காகிதப் பைகள் வேலிக்கு வெளியே நின்று காத்திருக்கும்.

ஒன்பதாவது தோல்விக்கு மறுநாள், கிளாபென்ஷ்மிட்டின் கம்பளிச் சட்டையிலிருந்து சின்னச் சின்னக் கண்ணாடித் துணுக்குகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அப்போது அவர் ஓர் அட்டைப்பெட்டியோடு வெளியே வந்தார். பெட்டியின் மேல் குடும்பப் புகைப்படம். காரில் வைத்தார், போய்விட்டார். முந்தின ஆறு பேரும் இப்படித்தான் திங்கட்கிழமை, பெட்டி, புகைப்படம் என்று போனவர்கள்.

ஆர்வில் ஜன்னலுக்கு ஓடி வந்தார். “பெட்டி பாத்தியா?”

“பாத்தேன்.”

“மேல போட்டோ?”

“பாத்தேன்.”

கையில் இருந்த கண்ணாடித் துணுக்கை எதனோடோ சேர்த்துப் பார்க்கவேண்டும் என்று தோன்றியது. ஆனால் ஒரு விஷயத்தை வாய்விட்டுச் சொல்ல எனக்குப் பத்து நிமிடம் ஆகும். ஆர்விலுக்கு நான்கு நிமிடம் போதுமாக இருந்தது. ஒரு வாளி தண்ணீர், ஒரு தேய்ப்பான். கிளாபென்ஷ்மிட் சாக்கடைக்குள் ஓடிவிட்டார்.

“போயிட்டான்டா!” என்று வேலிக்கு வெளியே ஒரு காகிதப் பை கத்தியது. இன்னொரு பை வானொலிக்குப் போன் போட்டது. பத்து நிமிடத்தில் தெருவெல்லாம் கார் ஹாரன். லாக்ரேஞ்ச் தெருவில் யாரோ தேவாலய மணியைக்கூட அடித்துவிட்டார்கள்.

அந்தச் சத்தத்துக்கு நடுவே கிளாபென்ஷ்மிட்டின் கார் திரும்பி வந்தது. இறங்கியவர் கையில் அதே புகைப்படம், புதுக் கண்ணாடியோடு. தோற்ற கோபத்தில் ஞாயிற்றுக்கிழமை ஹெட்போனைச் சுவரில் எறிந்திருக்கிறார். அது மனைவி மக்கள் படத்தின் மேல் பட்டுக் கண்ணாடி உடைந்திருக்கிறது. மனைவி மதியம் சாப்பாட்டுக்கு வருவதற்குள் மாட்டிவிட எண்ணிக் கடைக்குப் போயிருக்கிறார். கண்ணாடி கொட்டாமலிருக்கத்தான் பெட்டி.

தரையைப் பார்த்தார். “ஆர்வில், எம் பேர் எங்க?”

“காஞ்சிட்டிருக்கு, கோச்.”

“எது காயுது? அங்க ஒண்ணுமே இல்லையே.”

“முதல்ல தண்ணி, கோச். அது காஞ்சாத்தான் பெயிண்டு புடிக்கும்.”

“கண்ணாடிக் கடைக்காரன் என்னைக் கட்டிப் புடிச்சு அழறான்யா. எதுக்குன்னு கேட்டா, வேலை போயிடுச்சாமேங்கறான்!”

“ஏய் கோச், எதையாவது மறந்து வச்சிட்டியா?” என்றது ஒரு காகிதப் பை. மற்றவை சிரித்துக் குலுங்கின.

ஆர்வில் மண்டியிட்டு அவசரமாக எழுதத் தொடங்கினார். தரை ஈரம், பெயிண்டும் தண்ணி. முதல் எழுத்தே ஆக்டோபஸ் மாதிரி எட்டுப் பக்கமும் கால் நீட்டியது. இரண்டாவது எழுத்துக்கு வருமுன் திருமதி பஃபிங்டனின் கார் வந்து நின்றது. இறங்கியவரின் இடது கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது.

“டாக்டர் என் பல்லைப் புடுங்கிட்டிருக்கான், வாய் பூரா அவன் கை,” என்றார், ஒரு பக்க வாயால். “ரேடியோவுல சொல்றான், நான் என் கோச்சைத் தூக்கிட்டேனாம்! அந்த டாக்டர் இடுக்கியைக் கீழ வச்சிட்டு எனக்குக் கை குடுக்கறான். நர்ஸ் கை தட்டறா. யாரு பண்ணின வேலை இது?”

ஆர்வில் எழுந்து நின்றார். முழங்காலில் இருந்து வெள்ளைத் தண்ணீர் சொட்டியது. இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைக் கழற்றி நீட்டினார். “நான்தான், மேடம். பெட்டியப் பாத்து ஏமாந்துட்டேன்.”

“மேடம், எம் பேரை எழுதி முடிக்கச் சொல்லுங்க. எல்லாம் சரியாயிடும்,” என்றார் கிளாபென்ஷ்மிட்.

திருமதி பஃபிங்டன் தரையில் நீந்திய ஆக்டோபஸைப் பார்த்தார். வேலிக்கு வெளியே இப்போது ஐம்பது, அறுபது காகிதப் பைகள். ஹாரன் நிற்கவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பயிற்சியாளர் பக்கம் திரும்பினார்.

“ராய்ஸ்,” என்றார் கடைசியில். “ஒரு மாசமா இதை எப்படிச் சொல்றதுன்னு தூக்கமில்லாம கிடந்தேன். இப்ப ஊரே சந்தோஷமா இருக்கு. இதை நான் எப்படித் திருப்பி வாங்குவேன்?”

கிளாபென்ஷ்மிட்டுக்குப் புரிந்தது. கொஞ்ச நேரம் புகைப்படத்தையே பார்த்தார். “பெட்டி கார்லதான் இருக்கு,” என்றார். பிறகு ஆர்விலிடம் வந்து கையைக் குலுக்கினார். “இந்த வருஷம் இந்த மைதானத்துல ஒரு வேலைய எடுத்து முழுசா முடிச்ச ஒரே ஆளு நீதான்யா.” அதைக் கேலியாகச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆர்விலின் கை இன்னும் சாவியோடு நீண்டிருந்தது. வேலிப்பக்கம், “ஆர்வில்! ஆர்வில்!” என்று பைகள் கோஷம் போட்டன. திருமதி பஃபிங்டன் அவர்களைப் பார்த்தார், சாவியைப் பார்த்தார்.

“ஒரு நாளைக்கு ஒருத்தனைத்தான் என்னால தூக்க முடியும். வாய் வேற மரத்துக் கிடக்கு. உள்ள வை அதை,” என்றார்.

மறுநாள் தற்காலிகப் பயிற்சியாளராக டெல்மர் என்ற உதவியாளரை நியமித்தார்கள். கதவையே மறைக்கிற உடம்பு. தன் வண்டியை இரண்டு தெரு தள்ளி மீன்கடை வாசலில் விட்டுவிட்டு நடந்து வந்தார். “எம் பேரை மட்டும் எழுதிடாத, ஆர்வில். உன்னைக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன். அது கீழ இருந்தாத்தானே நீ அழிப்ப,” என்றார். மிச்ச ஆட்டங்களில் இரண்டை வென்றும் காட்டினார். அதனால் ஜனவரியில் நிரந்தரமாக வந்தவரும், சம்பளம் பேசுவதற்கு முன்பே, தரையில் பெயர் வேண்டாம் என்று எழுதி வாங்கிக்கொண்டாராம்.

ஆர்வில் இன்னும் வேலையில் இருக்கிறார். தலைமைப் பயிற்சியாளரின் இடம் வெறும் தாராகக் கிடக்கிறது. அதில் யாரும் காரை நிறுத்துவதில்லை. அணி இந்த வருடம் இதுவரை மூன்று ஆட்டங்களில் வென்று ஐந்தில் தோற்றிருக்கிறது.