சிநேகிதனுக்காகக் கேட்கிறேன்

"செத்தாலும் 'எனக்கு ஒரு சிநேகிதன் இருக்கான்'னு ஆரம்பிக்க மாட்டேன். நான் கேட்டா என் பேரைச் சொல்லித்தான் கேட்பேன்" என்று லெயோபார்தோ செபேதா வானொலியிலேயே அறிவித்தார். அமெரிக்காவின் யக்கிமா பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்டது. ஆப்பிள் தோட்டங்களில் ஏணி மேல் நின்றவர்கள்கூடக் கேட்டார்கள்.

வாரம் முழுக்க ஆப்பிள் கிடங்கில் பெட்டி அடுக்குகிற லெயோ, வியாழக்கிழமை மத்தியானம் மட்டும் எங்கள் ஸ்பானிய வானொலியில் பெரிய மனிதர். குடியேறி வந்தவர்களின் சட்டச் சந்தேகங்களுக்கு வக்கீலம்மா ஹிமேனா பதில் சொல்வார். தொலைபேசியை எடுப்பது லெயோ. அழைக்கிற யாரும் தனக்காகக் கேட்பதில்லை. எல்லோருக்கும் ஒரு சிநேகிதன் இருந்தான். அவன் டெக்சாஸ் வழியாகவும் அரிசோனா வழியாகவும் ஒரே இரவில் எல்லை தாண்டியவன். வரியே கட்டாதவன், அதே வரியை இரண்டு தடவை கட்டி ஏமாந்தவன். அந்த ஒருத்தனை நாடு கடத்திவிட்டால் பள்ளத்தாக்கில் மிச்சமிருப்பவர்கள் அனைவரும் நிரபராதிகள்.

அன்றைக்கும் ஒருவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசினார். "என் சிநேகிதன் லைசென்ஸ் இல்லாம ஓட்டி மாட்டிக்கிட்டான்."

"தோன் திபூர்சியோ, பின்னாடி கூவுறது உங்க சேவல்தானே?" என்றார் லெயோ.

"சேவலும் சிநேகிதனோடதுதான்."

அந்த எரிச்சலில்தான் லெயோ மேற்படி சபதத்தைச் செய்தார்.

மறுவாரமே மெக்சிகோவில் சொந்த ஊரான மிச்சோவாகானிலிருந்து தங்கை எவுதேலியா கூப்பிட்டாள். ஐம்பத்தாறு வயதில் முதல் கல்யாணம், மாப்பிள்ளை கசாப்புக் கடைக்காரர். "அப்பா இல்ல. கோயிலுக்குள்ள என்னைக் கைபிடிச்சுக் கூட்டிட்டுப் போக நீதான் வரணும். வரலைன்னா உன் போட்டோவைத் தள்ளுவண்டியில வச்சுத் தள்ளிட்டுப் போவேன். சும்மா சொல்லலண்ணே."

சும்மா சொல்கிற பெண் இல்லை. லெயோவிடம் கிரீன் கார்டு இருந்தது. பழைய கேஸ் ஒன்றும் இருந்தது. இளவயதில் ஒரு ஞானஸ்நான விருந்தில், ட்ரம்பெட் வாசித்தவரை அவருடைய ட்ரம்பெட்டாலேயே அடித்து, ஓர் இரவு லாக்கப்பில் கிடந்து, கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு வந்தவர். இப்போது போனால், திரும்பி வரும்போது உள்ளே விடுவார்களா?

பதில் தெரிந்தவர் வாராவாரம் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். பேரைச் சொல்லிக் கேட்க வேண்டியதுதான் பாக்கி. பேர் தொண்டை வரை வந்து அங்கேயே குடியிருந்தது.

"வக்கீலம்மா, சட்டப்படி ட்ரம்பெட் ஒரு ஆயுதமா?" என்றார் ஒரு வியாழக்கிழமை.

"யாரு கேட்கிறாங்க?"

"பொது அறிவுக்குத்தான்."

அடுத்த வாரம், கசாப்புக்காரரைக் கட்டுகிற பெண்ணுக்கு அண்ணன் கட்டாயம் தேவையா என்று விசாரித்தார். அது குடியேற்றச் சட்டத்தில் வராது என்றார் வக்கீலம்மா.

கல்யாணத்துக்கு முந்தைய வாரம், நிகழ்ச்சி நடுவே நீளமான பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டு, "கொஞ்சம் காத்து வாங்கிட்டு வரேன்" என்று லெயோ எழுந்து போனார். பாட்டு முடிந்தது, ஆள் வரவில்லை, தொலைபேசி மட்டும் அடித்தது. வக்கீலம்மாவே எடுத்தார். ஜன்னலுக்கு வெளியே, தன் டிரக்கில் குனிந்து உட்கார்ந்து, கைபேசியைக் கைக்குட்டையால் மூடிப் பிடித்திருந்த லெயோ தெளிவாகத் தெரிந்தார்.

"சொல்லுங்க. உங்க பேரு?"

"பேரு எதுக்குங்க."

வக்கீலம்மா நாற்காலியை மெதுவாகத் திருப்பி, ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். "சரி, வேண்டாம். என்ன விஷயம்?"

"எனக்கு ஒரு சிநேகிதன் இருக்கான், வக்கீலம்மா" என்றது குரல். "அவன் தங்கச்சிக்குக் கல்யாணம்."