வரேன்னு சொல்லாதவர்கள்

எங்கள் ஊர்ப் பக்கம் டாக்டரிடம் "போயிட்டு வரேன்" என்று யாரும் சொல்லமாட்டார்கள். சொன்னால் மறுபடியும் வியாதியோடு வர நேரும் என்று பயம். மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு, தலையை ஆட்டிவிட்டு நழுவிவிடுவார்கள். வேங்கிக்கால் போகும் சாலையில் என் கிளினிக். மாடியிலேயே தனிக்கட்டையாகக் குடியிருந்தேன். ஆக, என் வாசலில் அந்த வார்த்தையே கேட்டது கிடையாது. என்ன ஜனங்கடா என்று முதலில் சிரித்தேன். அப்புறம் எரிச்சல் வந்தது. அதற்கும் அப்புறம், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஏக்கமாகவே ஆகிவிட்டது.

இரண்டாயிரம் பிறந்த புதிதில் ஒரு ஞாயிறு மாலை, சினிமாப் பைத்தியங்கள் சிலர் கல்யாண மண்டபத்து மாடியில் திரை கட்டி ஒரு ஜப்பானியப் படம் போட்டார்கள். எப்போதோ இருமலுக்கு வந்த தமிழ் வாத்தியார் ஒருவர்தான் என்னை அழைத்தார்.

"டாக்டர் கதை சார். கீழ இங்கிலீஷ்ல எழுத்து ஓடுமாம். நீங்க பக்கத்துல இருந்தா எனக்கும் புரியும்."

யுத்த காலம். ஒரு கிராமத்து டாக்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஓடுகிறார். யாரைத் தொட்டாலும் ஈரல் கெட்டிருக்கிறது என்கிறார். ஊரே கேலி செய்கிறது, ஊரே அவரைத்தான் கூப்பிடுகிறது. படம் முழுக்க வாத்தியார் காதில் தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். மருந்துச் சீட்டு நடுவில் இல்லாமல் ஒரு மனிதரோடு அவ்வளவு நேரம் பேசி எத்தனையோ வருஷமாகியிருந்தது.

படம் முடிந்து கீழே இறங்கியதும் வழக்கம்போலத் தலையை ஆட்டிவிட்டு நழுவப் பார்த்தார். எனக்குச் சுருக்கென்றது.

"இன்னா வாத்தியாரே, இங்க நான் டாக்டரா? படம் பாக்க வந்தவன்தானே? வரேன்னு சொல்லிட்டுப் போங்க."

"ஐயையோ, உங்ககிட்ட எப்பிடி சார்..." என்று இழுத்தார். நான் வழி விடவில்லை. "சரி சார், வரேன். அடுத்த படத்துக்குக் கண்டிப்பா வரேன்."

அன்று வீடுவரை சிரித்துக்கொண்டே நடந்தேன்.

மூன்றாம் வாரம் வந்தார், கிளினிக்குக்கு. கண் இரண்டும் மஞ்சள். சாட்சாத் ஈரலேதான். கூட வந்த மனைவி என்னை முறைத்தார்.

"கீழாநெல்லி அரைச்சுக் குடுத்தும் கேக்கல. அன்னிக்கு உங்ககிட்ட வரேன்னு சொல்லிட்டாராமே. கேட்டு வாங்கினீங்களாமே சார்!"

குடித்த தண்ணீர் செய்த வேலை என்று படித்துப் படித்துச் சொன்னேன். அந்த அம்மா நம்பவில்லை.

ஒன்றரை மாதத்தில் நன்றாகத் தேறிவிட்டார். கடைசி நாள் வாசலில் தயங்கி நின்று வாயைத் திறந்தார். மனைவி சட்டென்று அவர் கையைப் பிடித்தார். நானே முந்திக்கொண்டேன்.

"போங்க வாத்தியாரே. இனிமே வராதீங்க."

இருவர் முகத்திலும் அப்படியொரு நிம்மதி.

அடுத்த படத்துக்குப் பக்கத்து நாற்காலியில் கைக்குட்டை போட்டு இடம் பிடித்து வைத்திருந்தேன். வாத்தியார் வந்தார். என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, மனைவியோடு முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டார். திரையில் ஓடிய எழுத்து அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. படம் முடிந்ததும் திரும்பி, தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார்.