மைசூரில் திறந்த ஒரு வகுப்பறை

ஜனவரி 25, காலை 6.30. கோவையில் மைசூர் பேருந்து ஏறினேன். இருநூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். திம்பத்தின் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகளையும் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடியே கடந்தேன். சாமராஜநகரில் தட்டு இட்லியும் காபியும் அறுபது ரூபாய். மைசூரில் இறங்கும்போது மணி பன்னிரண்டு. அக்ரஹாரம் என்ற பகுதிக்கு ஆட்டோக்காரர் எழுபது கேட்டு, ஐம்பதுக்கு வந்தார்.

அங்கே என் கல்லூரித் தோழி சரோஜாவின் வீடு. கர்நாடக எல்லையோரத் தமிழ்க் கிராமமான மார்டள்ளிக்காரி, ஈரோட்டில் என்னுடன் படித்தவள். இப்போது மைசூரில் ஓர் அரசு கன்னடப் பள்ளியின் தலைமையாசிரியை. மறுநாள் குடியரசு தினத்தில் அங்கே புது வகுப்பறை திறப்பு. அதற்காகத்தான் என்னை அழைத்திருந்தாள்.

மூன்று மணிக்கு அவள் ஸ்கூட்டரில் பள்ளிக்குப் போனோம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வராந்தாவில்தான் உட்கார்ந்து படித்தார்கள். அதைப் பார்த்துத் தன் செலவில் அறை கட்டிக் கொடுத்தவர் முருகேசன். மார்டள்ளிக்குப் பக்கத்துக் கௌதள்ளியிலிருந்து கொத்தனாராக வந்து கான்ட்ராக்டரானவர். அங்கே நின்றிருந்த அவரிடம்தான் அறையின் சாவி இருந்தது. கையில் பிள்ளையார் படம் போட்ட டைல்ஸ். அதை வாசலுக்கு மேலே பதிக்க வேண்டும், விடிகாலை உள்ளே கணபதி ஹோமம், ஐயருக்குச் சொல்லியாயிற்று என்றார்.

சரோஜா முடியாது என்றாள்.

“ஏனுங் டீச்சர், வெள்ளிக்கிழமையானா நீங்க சாமுண்டி மலைப் படி ஏறுறது எனக்குத் தெரியாதுங்களா?”

“ஏறுறேண்ணா. அது என்ற சாமி, என்ற கால். இந்த ரூம் அரசாங்கத்துது. உங்க ஊட்டுல ஹோமம் வைங்க, மொத ஆளா வந்து உக்கார்றேன்.”

பிறகு நிதானமாக விளக்கினாள். நம் அரசியலமைப்பை எழுதியபோது அதன் முகப்புரையைக் கடவுள் பெயரால் தொடங்கலாம் என்று ஒருவர் கேட்டாராம். சபையில் பக்தி உள்ளவர்கள் நிறையப் பேர் இருந்தும், வாக்கெடுப்பில் வேண்டாம் என்றே முடிவானது. கடவுள் மேல் கோபம் இல்லை. ஒருவர் கும்பிடுவதை எல்லோர் மீதும் அரசாங்கம் ஏற்றக் கூடாது, அவ்வளவுதான். இந்தப் பள்ளியில் மசூதிக்கும் சர்ச்சுக்கும் போகிற பிள்ளைகளும் படிக்கிறார்கள் என்றாள்.

முருகேசன் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டார். “அவங்கெல்லாம் பெரிய மனுசங்க. நான் கொத்தனாருங்க. சாமியை உட்டுப்போட்டுக் கட்டடம் தெறக்க எனக்குத் தைரியம் வரலீங்க.” சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

நாளை பூட்டிய கதவுக்கு முன்னால்தான் விழா நடக்கும் என்று எனக்குக் கவலை. பூட்டை உடைக்கலாமே என்றேன். அவர் போட்ட கதவு, உடைக்கமாட்டேன், அவரே வருவார் என்றாள்.

ஜனவரி 26, காலை 8.30. கொடி ஏறியது. முருகேசனைக் காணோம். பிள்ளைகள் முகப்புரையை வாசிக்கத் தொடங்கினார்கள்: “பாரதத பிரஜெகளாத நாவு…” பாதியில் கேட்டருகே ஒரு பைக் நின்றது. முருகேசனும் மனைவியும். நெற்றி நிறைய விபூதி, வேட்டியில் ஹோமப் புகையின் வாசனை. வாசித்து முடியும்வரை கடைசியில் நின்றார்கள்.

“ஊட்டுலயே முடிச்சுட்டனுங்க டீச்சர். சாயங்காலம் நீங்க வரோணும்.”

“வர்றேண்ணா.”

பிள்ளைகள் என்ன வாசித்தார்கள் என்று கேட்டார். நன்றாகக் கன்னடம் பேசுகிறவர்தான். அந்த ஏட்டுக் கன்னடம் பிடிபடவில்லை. ‘இந்திய மக்களாகிய நாம்’ என்று ஆரம்பிக்கிறது என்றாள் சரோஜா.

“அதுல நானும் உண்டுங்களா?”

“உங்க பேர்லதாண்ணா எழுதியிருக்குது.”

அவர் பையிலிருந்து சாவியை எடுத்தார். நேராகப் போய்ப் பூட்டைத் திறந்து கதவைத் தள்ளிவிட்டு ஒதுங்கி நின்றார். பிள்ளைகள் முண்டியடித்து உள்ளே ஓடினார்கள். அன்று மாலை அவர் வீட்டில் சரோஜாதான் முதல் ஆளாகப் பாயசம் வாங்கினாள்.

மறுநாள் கோவை திரும்பினேன். இங்கே நானும் ஓர் அரசு அலுவலகத்தில் மனு வாங்குகிறவள்தான். என் நாற்காலிக்குப் பின்னால் நானே மாட்டிய முருகன் படம். மனுவோடு வருகிற யாராக இருந்தாலும் அதைப் பார்த்தபடிதான் நின்றாக வேண்டும் என்பது பத்து வருடமாக எனக்கு உறைக்கவில்லை. யாரும் சொல்லவில்லை. நானே கழற்றித் துடைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இப்போது காலையில் அந்த முருகனுக்கு விளக்கேற்றிவிட்டு அலுவலகம் போகிறேன்.