எட்டாத இடம்

இதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரித்தாலும் எனக்கு வருத்தமில்லை. நடந்தது நடந்ததுதான். நடந்த வீடு போடியில் இன்றும் இருக்கிறது. அந்த வீட்டுக்காரி பவதாரணி இன்றும் ஏலக்காய்க் கிட்டங்கிக்கு வேலைக்குப் போய்வருகிறாள். அதைப் பேய் என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள். முகம் சுருங்கிப்போகும்.

அவள் புருஷன் முத்துக்கண்ணன் ஜீப் ஓட்டியவன். காலையில் தோட்டத்து ஆட்களை மலைக்கு ஏற்றிப்போவான், சாயங்காலம் இறக்கிக்கொண்டு வருவான். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மழை நாளில், மலைமேட்டைத் தாண்டி கேரளப் பக்கத்து வளைவு ஒன்றில், பனிமூட்டத்தில் ஜீப் உருண்டுவிட்டது. அவனைத் துணியில் சுற்றித்தான் கொண்டுவந்தார்கள். பவதாரணிக்கு அந்த வாரம் நடந்தது எதுவும் சரியாக நினைவில்லை. மகள் நிலா அப்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள்.

காரியம் முடிந்த கொஞ்ச நாளில் அரிப்பு ஆரம்பித்தது. முதலில் முழங்கை மடிப்பு, அப்புறம் கழுத்து, கடைசியில் முதுகின் நடுவில் வந்து நிலைத்துவிட்டது. தேனியில் தோல் டாக்டரிடம் காட்டினாள். மாத்திரை சாப்பிடும்வரை அடங்கும், விட்டால் திரும்ப வரும். கிட்டங்கியில் தரம் பிரித்துக் காய் பொறுக்கும்போது தன்னை மறந்து சொறிவாள், நகத்தில் ரத்தம் ஒட்டும். ஒருநாள் முதலாளி தனியாகக் கூப்பிட்டு, நல்லானதும் வாம்மா என்று பதமாகச் சொல்லி அனுப்பிவிட்டார்.

அதன்பிறகுதான் மதியங்கள் அவளுக்கு மிச்சமாயின.

நிலா பள்ளிக்கூடம் போன பிறகு கதவைத் தாழ்போட்டுவிட்டு, வெறும் சிமெண்டுத் தரையில் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுப்பாள். தரையின் குளிர்ச்சிக்கு அரிப்பு கொஞ்சம் அடங்கும். அப்படிப் படுத்துக் கண் செருகிய ஒரு மதியம்...

சர்... சர்...

யாரோ முதுகைச் சொறிந்துவிட்டார்கள். சரியாக அந்த இடத்தில். அவள் கை எத்தனை வளைத்தாலும் எட்டாத இடத்தில்.

அவ்வளவு சுகமாக இருந்தது. "இன்னும் கொஞ்சம் மேல, நிலா" என்றாள் தூக்கத்தோடு.

கை மேலே நகர்ந்தது.

அப்புறம்தான் உறைத்தது. நிலா பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள். கதவு உள்பக்கம் தாழ் போட்டிருக்கிறது.

வெளியே சித்திரை வெயில் கொளுத்துகிறது. முதுகில் பட்ட விரல்களோ ஈரமாக, மலைமேட்டுப் பனிபோல் சில்லென்று இருந்தன.

அவள் திரும்பவில்லை.

கை மெல்ல விலகியது.

இரண்டு நாள் அந்தப் பக்கமே படுக்கவில்லை. மூன்றாம் நாள் அரிப்பு தாங்காமல் படுத்தாள். கை வந்தது. அப்போது பயத்துக்குப் பதிலாக அழுகை வந்தது. ஜீப்பை நிறுத்திவிட்டு வந்து, சோறு போடும்முன் அவள் முதுகைச் சொறிந்துவிடுகிறவன் முத்துக்கண்ணன் ஒருவன்தான். வேறு யார் வரப்போகிறார்கள்?

அதிலிருந்து மதியங்களில் பேச ஆரம்பித்தாள். நிலாவின் மார்க்கைச் சொல்வாள். கூரை ஓடு ஒழுகுவதைச் சொல்வாள். "நிலா அப்பா, கேக்குறீகளா?" என்பாள். பதில் வராது. சர்... சர்... என்ற சத்தம் மட்டும் வரும். அதுவே அவளுக்குப் போதுமாயிருந்தது.

புதுக்காய் வரத்து தொடங்கியதும் கிட்டங்கியிலிருந்து ஆள் வந்தது. குணமாகியிருந்தால் வரச் சொன்னார்கள். இல்லாவிட்டால் வேறு ஆள் போட்டுக்கொள்வார்களாம். நிலாவைப் படிக்கவைக்க அவளுக்கு வேறு வழியில்லை. பக்கத்து வீட்டுக்காரி சொன்னதை நம்பி, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மாடியில் அக்குபஞ்சர் பார்க்கும் ஷாரோனிடம் போனாள்.

ஷாரோன் சின்ன வயசுக்காரி. இரண்டு மணிக்கட்டையும் பிடித்து நாடி பார்த்தாள். முதுகைப் பார்த்தவள், முன்னேற்றம் தெரிவதற்கென்று செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டாள். டாக்டர் மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்றாள். பிறகு முழங்கை ஓரத்தில் ஒன்று, முழங்காலுக்கு மேலே ஒன்று, முடிபோன்ற ஊசியைக் குத்தினாள். எறும்பு கடித்த மாதிரிகூட இல்லை.

முதல் வாரம் அரிப்பு பாதியானது. பவதாரணிக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் கை இரண்டு நாளுக்கொருமுறைதான் வந்தது. அதுவும் வந்து சற்றுத் தடுமாறியது. அரிப்பு நின்றால் அவனும் வராமல் போய்விடுவானோ என்று பயந்தாள். அடுத்த வாரம் ஷாரோனிடம் போகவில்லை. ஒருநாள் பூராவும் உட்கார்ந்து யோசித்தாள். கிழிந்த சீருடையை ஊசிநூலால் தைத்துக்கொண்டிருந்த மகளைப் பார்த்தாள். மறுநாள் காலையில் படியேறிவிட்டாள்.

நாலைந்து தடவை ஊசி போட்டபின் அரிப்பு சுத்தமாக நின்றது. தோல் ஆறி வழுவழுப்பானது.

கடைசியாக ஒரு மதியம் கை வந்தது.

முதுகின் நடுவில் வைத்தது. நகர்ந்தது. மேலே போனது. கீழே வந்தது...

தேடியது.

புண் எங்கே, தடிப்பு எங்கே என்று தெரியாமல் தடவித் தடவித் தேடியது.

பவதாரணி, "அங்கதான். அரிக்குது" என்று பொய் சொன்னாள்.

சர்...

ஒரே ஒரு தடவை. அப்புறம் நின்றுவிட்டது.

அவள் முதுகுக்குப் பின்னால் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

முத்துக்கண்ணன் அப்படி உறிஞ்சி அவள் கேட்டதே இல்லை.

கை விலகியது. அதன்பிறகு வரவேயில்லை.

அவள் வேலைக்குத் திரும்பினாள். புருஷனை இரண்டாவது தடவை பறிகொடுத்த மாதிரி இருந்தது. யாரிடமும் சொல்ல முடியாத துக்கம். ஒரு மாதம் கழித்து ஷாரோனைப் பார்க்கப் போனபோது, எப்படி இருந்த முதுகு பாருங்கக்கா என்று அவள் அந்தப் படத்தைக் காட்டினாள். பவதாரணி தன் முதுகைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

தண்டுவடத்தின் மேல் நகக்கீறல்கள். நாலு கோடுகள். பக்கத்தில் பக்கத்தில்.

ஷாரோன் அவள் முதுகில் கீறல் இருந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினாள். ஷாரோனின் இரண்டு விரல் அகலத்துக்குள் நாலு கோடும் அடங்கியிருந்தன.

"உங்க சின்னப் புள்ளைக்கு நகம் வெட்டிவிடச் சொல்லணும்னு நெனச்சேன், மறந்துட்டேன்" என்றாள் ஷாரோன்.

பவதாரணிக்குச் சின்னப் பிள்ளை கிடையாது.

படியிறங்கியவள் நேராக ஜீப் நிற்கும் இடத்துக்குப் போனாள். முத்துக்கண்ணனோடு கூட ஓட்டிய சிலமலை ஊர்க்காரர் ஒச்சப்பன் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தார். அன்று ஜீப்பில் வேறு யார் இருந்தார்கள் என்று கேட்டாள். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"உங்கிட்ட சொல்ல வேணாம்னு நாங்கதான் முடிவு பண்ணோம், ஆத்தா. நீ கெடந்த கெடப்புல இதையும் எப்படிச் சொல்றது?"

தோட்டத்தில் வேலை பார்த்த வடநாட்டுக்காரர் ஒருவர் பின்னால் தொற்றிக்கொண்டு வந்திருக்கிறார். பனி தாங்காதென்று அவருடைய ஐந்து வயது மகளை முத்துக்கண்ணன் தன் பக்கத்தில் உட்காரவைத்திருக்கிறான். ஜீப் உருண்டபோது தகப்பன் தெறித்து விழுந்து பிழைத்தார். இறந்துபோன பிள்ளையைத் தங்கள் ஊருக்கே கொண்டுபோய்விட்டார்கள்.

"அந்த மழையில எதுக்குண்ணே போடிக்கு வந்தாக?"

"டாக்டர்ட்ட காட்டத்தான். புள்ளைக்கு மேலெல்லாம் அரிப்பாம். கை எட்டலேன்னு ராப்பூரா அழுதுருக்கு."

பவதாரணி ஜீப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அது பேரு என்னண்ணே?"

"தெரியலையே ஆத்தா. யாரும் கேட்டுக்கல."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் மெதுவாக, அவருக்குப் புரியாத ஒன்றைச் சொன்னாள்.

"நான் அதைப் போயி நிலா அப்பான்னுல்ல கூப்புட்டுக்கிட்டு இருந்தேன்."