எந்தத் துளை என்று கேட்கக் கூடாது

ஈசாத்துக்கு எதையும் ஒளிக்கத் தெரியாது. தன் மூட்டுவலி, மாமியாரோடு போட்ட சண்டை, போன தேர்தலில் யாருக்கு ஓட்டுப் போட்டான் என்பது வரை, காப்பிக்கு உட்கார்ந்த எவரும் கேட்காமலேயே தெரிந்துகொள்ளலாம். இரண்டு விஷயங்கள் மட்டும் விலக்கு. தனக்கு எத்தனை பனிமான்கள் என்று சொல்ல மாட்டான். வடகோடியில் அவர்கள் மான் மேய்க்கும் அந்தப் பனிப் பீடபூமியில் அதை யாரும் சொல்வதில்லை, கேட்பதுமில்லை. கேட்டால் அடுத்தவன் சட்டைப்பைக்குள் கைவிட்ட மாதிரி. இன்னொன்று, தன் பனிவண்டியின் பின் கிளட்ச் ஸ்பிரிங் எந்தத் துளையில் மாட்டியிருக்கிறது என்பது. மான்களை வண்டியில் போய் மேய்க்கத் தொடங்கிய பிறகு, மானுக்கு இருந்த மரியாதை வண்டிக்கும் வந்துவிட்டது போலிருக்கிறது. ஈசாத்தின் வண்டி மச்சான் யொவ்னாவிடம் வாங்கியது. ஸ்பிரிங்கை மாட்டியவனும் யொவ்னாதான். ஆகவே தனக்கே தெரியாத ரகசியத்தைத்தான் ஈசாத் இத்தனை நாளும் கட்டிக் காத்து வந்தான்.

ஏப்ரல் கடைசியில் சினை மான்கள் கன்று போடக் கடற்கரைப் பக்கம் புறப்பட்டன. மனிதர்கள் பின்னால் போக வேண்டியதுதான். வழியில் ஓர் ஏற்றம். விடியலில் பனி இறுகிக் கிடக்கும்போதே அதைக் கடந்துவிட வேண்டும். வெயில் ஏறினால் வண்டி புதைந்துவிடும். ஈசாத்தின் வண்டியோ, கூடாரமும் அடுப்பும் ஏற்றிய சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு சின்ன மேட்டில் ஏறும்போதே திணறியது. இஞ்சின் சோர்ந்தாலும் கிளட்ச் கீழ் கியருக்கு இறங்கி வருவதில்லை. ஸ்பிரிங் தளர்வாக இருந்தது. இப்போதிருப்பதைவிட ஒரு துளை தள்ளி முறுக்கி மாட்டினால் போதும். மாட்டாவிட்டால் நாளைக்கு யொவ்னா கயிறு கட்டி இழுப்பான். இழுப்பதுகூடப் பரவாயில்லை. போன வருஷம் ஒருத்தனை இழுத்துவிட்ட கதையை யொவ்னா இரண்டு கல்யாணங்களிலும் ஒரு சாவு வீட்டிலும் சொன்னான்.

கிளட்சைக் கழற்றுவதற்கு முன் ஸ்பிரிங்கின் முனை எந்தத் துளையில் இருக்கிறது என்று ஒரு கீறல் போட்டுக்கொள்ள வேண்டும். இதை எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தவன் ஈசாத். அதனாலேயோ என்னவோ தான் மட்டும் போடவில்லை. சாயங்காலம் முகாமில் போல்ட்டைக் கழற்றியதும் ஸ்பிரிங் துள்ளிப் பனியில் விழுந்தது. ஆறு துளைகளும் ஒரே மாதிரி அவனைப் பார்த்தன. ஒரு துளை தள்ளி என்றால், எதிலிருந்து தள்ளி?

யொவ்னா கூடாரத்தில் காய்ந்த இறைச்சியைச் சீவிக்கொண்டிருந்தான். ஈசாத் போய் உட்கார்ந்து, காற்றைப் பற்றிப் பேசினான். பிறகு மெதுவாக விஷயத்துக்கு வந்தான்.

"மச்சான், அந்த வண்டி உங்கிட்ட இருந்தப்ப ஏத்தத்துல எப்படி?"

"இழுக்கும். சில நாள் இழுக்காது."

"ஸ்பிரிங்கெல்லாம் கொஞ்சம் இறுக்கமா இருந்துச்சோ?"

"இருக்க வேண்டிய அளவுக்கு இருந்துச்சு." யொவ்னா அங்கத்திய வழக்கப்படி பாலாடைக்கட்டித் துண்டு ஒன்றைக் காப்பிக்குள் போட்டான். "ஆமா, உன் மானெல்லாம் எப்படி? நிறைய இருக்கா?"

ஈசாத் எழுந்து வந்துவிட்டான்.

விஷயத்தைக் கேட்ட அவன் மனைவி ரிஸ்தெனுக்கு எரிச்சல் வந்தது. "எந்தத் துளைன்னு நேரா கேட்டா என்ன? என் அண்ணன்தானே."

"அப்ப நீ கேளு."

"நானா? நான் எப்படிக் கேக்கறது?"

கடைசியில் அவள் கிளட்ச் தகட்டை முழங்காலால் அழுத்திக்கொண்டாள். மணிக்கட்டு இனி முடியாது என்கிற வரை அவன் முறுக்கினான். முனை ஏதோ ஒரு துளையில் விழுந்தது. விரல் மரத்துப்போனதால் அவசரமாகப் போல்ட்டை ஏற்றி மூடியைச் சாத்தினான்.

விடியலில் வண்டி காது கிழியக் கத்தியது. இரண்டு பங்கு பெட்ரோலைக் குடித்திருக்கும். ஆனால் ஏறியது. ரிஸ்தென் சறுக்குவண்டியில் மூட்டைகளோடு மூட்டையாக உட்கார்ந்திருந்தாள். உச்சியில் திரும்பிப் பார்த்தால் யொவ்னாவின் புது வண்டி பாதி ஏற்றத்தில் நின்றிருந்தது. உறைந்த ஏரிப் பரப்பில் எல்லோரையும் முந்துவதற்காக யொவ்னா ஸ்பிரிங்கைத் தளர்த்தி வைத்திருந்தான்.

ஈசாத் சறுக்குவண்டியை அங்கேயே அவிழ்த்து வைத்துவிட்டு வண்டியோடு கீழே இறங்கினான். கயிறு கட்டியபோது இருவரும் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேலே வந்து சேர்ந்ததும் யொவ்னா கையுறையைக் கழற்றினான், மாட்டினான், மறுபடி கழற்றினான்.

"எந்தத் துளை மச்சான்?"

யாரோ துணி மாற்றுகிற இடத்துக்கு வந்துவிட்டவள் போல ரிஸ்தென் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஈசாத் அவசரப்படவில்லை.

"இருக்க வேண்டிய துளையில இருக்கு."

உண்மையில் அவன் சொல்லியிருப்பான். இழுத்துவிட்ட சந்தோஷத்தில் மானின் எண்ணிக்கையைக்கூடச் சொல்லியிருப்பான். ஆனால் நேற்று திரும்ப மாட்டும்போதும் அவன் கீறல் போடவில்லை. அந்தப் பருவம் முழுக்க, பெல்ட் தீய்ந்த வாடை அடிக்கிறது, திறந்து பார் என்று ரிஸ்தென் சொல்லும்போதெல்லாம் பனி கரையட்டும் என்றான். மூடியைத் திறக்கவேயில்லை. ஏன் என்று யாரும் கேட்கவுமில்லை.