திராட்சைப் பந்தலுக்குள் இரண்டே முக்கால் கிலோ கேமராப் பை

இடது தோள்பட்டை இறுகிப்போய் எனக்கு ஒரு வருஷம் ஆகிறது. நாற்பது தாண்டிய பெண்கள் பலருக்கு வருவதுதான் என்றார் டாக்டர். பிசியோதெரபி செய்யும் பெண், "இனிமே இந்த மூட்டை எல்லாம் தூக்காதீங்க மேடம்" என்றாள். மூட்டை என்று அவள் சொன்னது என் கேமராப் பையை. ஏழரைக் கிலோ. கரூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிற நான், விடுமுறை நாட்களில் தனியாக ஊர் சுற்றி வீடியோ எடுப்பது இந்த வலைப்பூவைப் படிப்பவர்களுக்குத் தெரியும். அந்த ஒரு வருஷமும் எங்கேயும் போகவில்லை.

ஆனிக் கடைசியில் பிலோமினாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. சின்னமனூரில் தொடக்கப் பள்ளி ஆசிரியை, என் பதிவுகளைப் படிக்கிறவர். அவருடைய தங்கை ஜெசிந்தாவுக்குக் காது கேட்காது, பேச்சு வராது. ஓடைப்பட்டிப் பக்கம் ஒன்றரை ஏக்கரில் பன்னீர் திராட்சை போட்டிருக்கிறார். ஜெசிந்தாவோடு காது கேளாதோர் பள்ளியில் படித்த தோழியும் தோழியின் கணவரும் திண்டுக்கல் பக்கம் புதிதாகத் திராட்சை வைத்திருக்கிறார்கள். காய்ப்புக்காகக் கொடியை வெட்டிவிடுகிற கவாத்து அவர்களுக்கு இதுதான் முதல் தடவை. இணையத்தில் கவாத்து வீடியோ கொட்டிக் கிடக்கிறது. எல்லாவற்றிலும் ஆள் பேசிக்கொண்டேதான் வெட்டுகிறார். பந்தலுக்குள்ளிருந்து வீடியோ கால் போட்டால் சிக்னல் விட்டு விட்டு வருகிறது. "நீங்க வந்து எடுத்துக் குடுத்தா அவுக பொழச்சுக்குவாக" என்று எழுதியிருந்தார் பிலோமினா.

தோளைத் தடவிக்கொண்டு, வருகிறேன் என்று பதில் போட்டேன்.

என்ன எடுத்துப் போவது என்பதில் ஒரு வாரம் போனது. பெட்டி எடை பார்க்கிற கொக்கித் தராசில் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தேன். கையில் பிடித்து நடந்தாலும் படம் ஆடாமல் இருக்க ஒரு கருவி வைத்திருக்கிறேன், அது வீட்டிலேயே இருக்கட்டும். ட்ரோனும் வேண்டாம், பந்தலுக்கு மேலே பறந்து இலையைத்தான் காட்டும். பெரிய ஜூம் லென்ஸை மட்டும் மூன்று முறை உள்ளே வைத்து மூன்று முறை வெளியே எடுத்தேன். முக்கால் கிலோ. கடைசியில் அதுவும் அலமாரிக்கே போனது. மிஞ்சியவை: சின்னக் கேமரா ஒன்று, அதில் மாட்டிய அகலக் கோண லென்ஸ், போன், பழைய சாமான் விற்கிற கடையில் 6,200 ரூபாய்க்கு வாங்கிய லேசான ட்ரைபாட், போனை எதிலாவது கவ்விப் பிடிக்கிற கிளிப், உள்ளங்கை அளவு எல்.இ.டி. விளக்கு, கூடுதல் பேட்டரி இரண்டு, பவர் பேங்க், சட்டையில் குத்துகிற மைக் இரண்டு. மொத்தம் இரண்டே முக்கால் கிலோ.

மைக் எதற்கு என்று கேட்பீர்கள். ஜெசிந்தா செய்துகாட்ட, பிலோமினா பேச, குரலைப் படத்தோடு சேர்த்துவிடலாம் என்பது என் கணக்கு.

சனிக்கிழமை காலை நாலரைக்குக் கரூரில் பஸ் ஏறினேன். திண்டுக்கல்லில் இறங்கி, குமுளி போகிற பஸ்ஸைப் பிடித்துவிட்டால் தேனியில் மாற வேண்டியதில்லை, நேராகச் சின்னமனூரிலேயே இறங்கலாம். தேனி தாண்டி இருபத்து நாலு கிலோமீட்டர். ஒன்பதே காலுக்குப் போய்ச் சேர்ந்தேன். அங்கிருந்து ஓடைப்பட்டிக்கு டவுன் பஸ் உண்டு, பெண்களுக்கு இலவசம். நான் அவசரப்பட்டு முந்நூறு ரூபாய்க்கு ஆட்டோ பிடித்தேன்.

"தனியாவா வந்தீக? சேனலா?" என்றார் ஆட்டோக்காரர்.

"சின்னச் சேனல்."

"ஆடிக் காத்து அடிக்குதுக்கா. போன முகூர்த்தத்துக்கு மதுரையில இருந்து வீடியோ எடுக்க ஒருத்தர் வந்தாக. குடை மாதிரி ஒரு லைட்டு வச்சிருந்தாக பாருங்க, அது பறந்து வாழைக்குள்ள போயிருச்சு. பொண்ணு மாப்பிள்ளைய விட்டுட்டு ஆளுக அங்கன ஓடுறாக." அவர் சிரித்து முடிக்கும் வரை ஆட்டோ நடுரோட்டில்தான் போனது. "மைக்குல ஒண்ணும் கேக்காது, காத்து மட்டுந்தான் கேக்கும்."

பைக்குள் கைவிட்டு மைக் இரண்டையும் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

ரோட்டோரத்தில் பிலோமினா நின்றிருந்தார். பத்து நிமிஷ நடையில் தோட்டம். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே கம்பிப் பந்தல், உள்ளே பச்சை நிழல், அதற்கு அந்தப் பக்கம் மேகமலை. ஜெசிந்தாவுக்கு முப்பத்திரண்டு வயது இருக்கும். நைட்டி, மேலே கட்டம் போட்ட ஆண் சட்டை, கையில் கவாத்துக் கத்தரி. என் கையைக் குலுக்கிவிட்டு நேராகப் பையைப் பார்த்தார். திறந்து காட்டினேன். ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் விரித்திருந்த சாக்கில் அடுக்கினார். மைக்கைத் தூக்கிப் பிடித்து அக்காவைப் பார்த்தார். பிலோமினா கைகளால் ஏதோ சொன்னார். ஜெசிந்தா சத்தமாகச் சிரித்து, மைக் இரண்டையும் பையில் போட்டு ஜிப்பை மூடினார்.

என் திட்டத்தை விளக்கினேன். அவர் தன் போனில் தட்டி என்னிடம் நீட்டினார். "குரல் வேண்டாம். அவர்கள் இரண்டு பேருக்கும் காது கேட்காது." இன்னொரு வரியும் தட்டினார். "அக்கா பேசினால் எல்லாரும் அக்காவைப் பார்ப்பார்கள்."

"அவ சொல்றது நெசந்தாங்க" என்றார் பிலோமினா. "வீட்டுக்கு யாரு வந்தாலும் எம்மூஞ்சியப் பாத்துத்தான் பேசுவாக. கேள்வி அவளுக்கு, பார்வை எனக்கு."

அதோடு ஒலிப் பிரச்சினை தீர்ந்தது. காற்று இஷ்டத்துக்கு அடிக்கட்டும் என்று நிம்மதியாக வேலையைத் தொடங்கினேன். பத்தரையிலிருந்து ஒன்றரை மணி நேரம் நான் எடுத்தவை எல்லாம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தன. கத்தரி வாய், கொடியில் முண்டு முண்டாக இருக்கிற மொட்டுகள் (கண் என்கிறார்கள்), இலை இடுக்கில் விழுகிற வெயில், பின்னணி மங்கிய விரல்கள். சாக்கில் உட்கார்ந்து போட்டுக் காட்டினேன். ஜெசிந்தா பொறுமையாகப் பார்த்துவிட்டு மறுபடி போனை எடுத்தார்.

"என் முகம் எங்கே?"

எனக்குப் புரியவில்லை. பிலோமினாதான் சொன்னார். "கைய மட்டும் எடுத்திருக்கீக. பேச்சு கையில மட்டும் இல்லீங்க. 'வெட்டலாம்'னு சொல்றதுக்கும் 'வெட்டலாமா'ன்னு கேக்குறதுக்கும் கை ஒண்ணுதான். புருவத்தத் தூக்குனாத்தான் கேள்வி. நீங்க பாதிப் பேச்ச வெட்டிட்டீக."

அழகாக இருப்பதாக நான் நினைத்த படங்கள் அவருக்கு வாயைப் பொத்திய படங்கள். மறுபடி தொடங்கினோம். தலைக்கு மேல் ஒரு சாண் இடம், கீழே இடுப்பு வரை, இரண்டு பக்கமும் முழங்கை விரிய இடம். அகலக் கோண லென்ஸ் அப்போதுதான் உதவியது. பந்தல் தூண்களுக்கு நடுவே பின்னால் போக இடமே கிடையாது, ஜூமைத் தூக்கி வந்திருந்தால் முக்கால் கிலோ வீண். ஆனால் கேமரா வேறு விதத்தில் படுத்தியது. கை முன்னே வரும்போதெல்லாம் ஃபோகஸ் கைக்குத் தாவியது, முகம் மங்கியது. தானியங்கி ஃபோகஸை அணைத்து, அவர் நிற்கிற இடத்தில் ஒரு கல்லைப் போட்டு, அந்தத் தூரத்துக்கு நிறுத்தி வைத்தேன். ஒரு மணிக்குள் ஒரு பகுதி தேறியது. அதில் ஒரு நிமிஷத்தை, ரோட்டுக்குப் போய் சிக்னல் பார்த்து, திண்டுக்கல்லுக்கு அனுப்பினார் ஜெசிந்தா.

நாலு மணிக்குத் தோழியிடமிருந்து பதில் வந்தது, அதுவும் வீடியோதான். பார்த்துக்கொண்டிருந்த ஜெசிந்தாவின் முகம் மாறியது. போனைச் சட்டென்று அக்காவின் கையில் கொடுத்தார்.

"மூணு கண்ணு விட்டு வெட்டணுமான்னு கேக்குறாக" என்றார் பிலோமினா. "இவ நாலுல்ல சொல்லிருக்கா?"

நான் எடுத்ததைப் போட்டுப் பார்த்தோம். ஜெசிந்தா நாலு விரலைத்தான் காட்டியிருக்கிறார். ஆனால் இலை வழியே வந்த வெயில் திட்டு சரியாகச் சுண்டு விரலில் விழுந்து அதை வெளுப்பாக்கிவிட்டது. பின்னால் கட்டம் போட்ட சட்டை. கையின் வேகத்தில் விரல்கள் கொஞ்சம் இழுபட்டும் இருந்தன. போன் திரையில் பார்த்தால் எனக்கே மூன்றுதான்.

"கொடி நல்லாத் தெரண்டிருந்தா நாலு கண்ணு விடணும்" என்றார் பிலோமினா. "நோஞ்சானா இருந்தா ரெண்டு. நல்ல கொடிய ஒட்ட வெட்டிட்டா தழை வரும், காய் கொறையும். அவுக செவ்வாக்கிழமைக்கு ஆள் சொல்லிட்டாக. வெட்டுனது வெட்டுனதுதாங்க, அடுத்த வெட்டு வரைக்கும் ஒண்ணும் பண்ண முடியாது."

தோழி சந்தேகம் கேட்டது நல்லதாகப் போயிற்று. கேட்காமல் அப்படியே வெட்டியிருந்தால்? ஜெசிந்தா என்னைப் பார்த்து இரண்டு கையையும் விரித்து, புருவத்தைத் தூக்கினார். அது கேள்வி என்று எனக்கும் தெரிந்தது. இப்போது என்ன செய்வது?

"நாளைக் காலையில ஆறரைக்கு வர்றேன்" என்றேன். "கட்டம் இல்லாத சட்டையாப் போட்டுக்கச் சொல்லுங்க. கருப்பு, இல்லாட்டி கருநீலம்."

சின்னமனூரில் எழுநூறு ரூபாய்க்கு ஒரு லாட்ஜ் அறை, சுத்தமாக இருந்தது. போகிற வழியில் ஜவுளிக்கடையில் நாலு முழ வெள்ளை வேட்டி ஒன்று, 280 ரூபாய். கடைக்காரர் கரை வைத்தது எடுத்துப் போட்டார், வேண்டாம் என்றேன். "வீட்டுல அண்ணனுக்கு எளிமைதான் பிடிக்கும்போல" என்றார். ஆமாம் என்றேன், திராட்சைப் பந்தலில் கட்டப்போகிறேன் என்று யாரால் விளக்க முடியும்?

ஞாயிற்றுக்கிழமை ஆறரைக்கு மலைமேல் மேகம் உட்கார்ந்திருந்தது. வெயில் இறங்கவில்லை, பந்தலுக்குள் சீரான வெளிச்சம். ஜெசிந்தா, குமுளியில் வேலை பார்க்கும் கணவரின் கருநீலச் சட்டையைப் போட்டுக் கையை மடித்துவிட்டிருந்தார். கேமராவை நொடிக்கு ஐம்பது சட்டகத்துக்கு மாற்றி, ஷட்டர் வேகத்தைக் கூட்டினேன். கை எவ்வளவு வேகமாகப் போனாலும் விரல் விரலாகத் தெரிந்தது. அதனால் குறைந்த வெளிச்சத்தை, சின்ன விளக்கைத் தூணில் கட்டி ஈடு செய்தேன்.

ஏழரைக்கு வெயில் திட்டுகள் வந்துவிட்டன. வேட்டியை ஜெசிந்தாவின் தலைக்கு மேல் கம்பிகளில் விரித்துக் கட்டினோம். முதல் காற்றிலேயே அது பாய்மரம் மாதிரி உப்பிக்கொண்டது. ஜெசிந்தா வாழைநாரை நனைத்து எடுத்து வந்து, நாலு மூலையோடு நடுவிலும் இழுத்துக் கட்டினார். அதற்குப் பிறகு அசையவில்லை. கீழே அவர் முகத்திலும் கையிலும் பால் மாதிரி வெளிச்சம்.

போனைக் கிளிப்பில் மாட்டிக் கொடிக்கு நேராக வைத்தேன். ஆக, கேமராவில் அவர் பேசுவது முழுசாக, போனில் கத்தரியும் கண்ணும் நெருக்கமாக. இரண்டும் ஒரே நேரத்தில் ஓடின. பிறகு வீட்டில், நெருக்கப் படத்தைத் திரையின் ஓரத்தில் சின்னக் கட்டமாக வைத்துவிட்டேன். அவர் பேச்சு எங்கேயும் அறுபடவில்லை. ஒரு வாக்கியம் எங்கே முடிகிறது என்று எனக்குத் தெரியாது என்பதால், முடித்ததும் கைகளைக் கீழே தொங்கவிடுவது என்று பேசி வைத்துக்கொண்டோம்.

நான் போதும் என்ற இடத்தில் எல்லாம் ஜெசிந்தா போதாது என்றார். ஒவ்வொன்றையும் சாக்கில் உட்கார்ந்து பார்த்து, முகத்தைச் சுளித்து, மறுபடி கல்லுக்குப் போனார். ஒரு தடவை என் கையைப் பிடித்து நகர்த்தி, ட்ரைபாடையும் ஒரு சாண் நகர்த்தினார். நகர்த்தியது சரிதான், தூண் மறைத்துக்கொண்டிருந்தது.

"பள்ளிக்கொடத்துல நான் இவ்வளவு கண்டிப்பு இல்லீங்க" என்றார் பிலோமினா.

பத்து மணிக்கு முடிந்தது. முக்கியமான துண்டுகளை அங்கேயே போனுக்கு மாற்றி அனுப்பினோம். அரை மணி நேரத்தில் பதில். திரையில் தோழியும் கணவரும் சேர்ந்து நாலு விரலைக் காட்டினார்கள், பிறகு இரண்டு, பிறகு பெருவிரலைத் தூக்கினார்கள். ஜெசிந்தா சாக்கில் மல்லாந்து படுத்துவிட்டார். எனக்குப் பசித்தது. வீட்டில் சோறும் நெத்திலிக் குழம்பும் செய்திருந்தார்கள், இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். கிளம்பும்போது ஜெசிந்தா வேட்டியை மடித்துக் கொடுத்தார்; அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். டவுன் பஸ், குமுளி–திண்டுக்கல் பஸ், இரவு எட்டரைக்கு வீடு. தோள் வலிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் ஆபீசில் இருந்தபோது பிலோமினா அழைத்தார். "அவுக வெட்ட ஆரம்பிச்சுட்டாக. வெட்டுன எடத்துல இருந்து தண்ணியா சொட்டுதாம். என்னமோ ஆகிப்போச்சுன்னு பயந்து நிறுத்திட்டாக. திராட்சைன்னா வெட்டுனா சொட்டத்தான் செய்யும், ரெண்டு நாள்ல நின்னுரும். நாம அதச் சொல்லவே இல்ல பாருங்க."

"இப்ப என்ன பண்றது? நான் சனிக்கிழமைதான் வர முடியும்."

"நீங்க வரவேணாம். அவளே எடுத்து அனுப்பிட்டா. உங்களுக்கும் அனுப்பிருக்கா, பாருங்க."

பார்த்தேன். போனைக் கிளிப் இல்லாமல் எதன்மேலோ சாய்த்து வைத்திருந்தார். தலைக்கு மேல் ஒரு சாண், இரண்டு பக்கமும் முழங்கைக்கு இடம், கருநீலச் சட்டை, மேலே வேட்டி. பக்கத்தில் ஒரு கொடியை வெட்டி, சொட்டுகிற நீரை விரலில் ஏந்திக் காட்டி, ஏதோ சொல்லிச் சிரித்தார். எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனால் திண்டுக்கல்லில் மறுபடி வெட்டத் தொடங்கிவிட்டார்கள். அந்தத் துண்டை அப்படியே முழு வீடியோவின் கடைசியில் சேர்த்தேன்.

இதே மாதிரி தனியாகக் கிளம்புகிறவர்களுக்கு: கேமரா ஒன்று, அகல லென்ஸ் ஒன்று, போன், ட்ரைபாட், ஒரு வெள்ளைத் துணி. பேசுகிறவர்களை எடுக்கப் போனால் மைக்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள், காற்றுக்கு உறை போட்டு. சைகைமொழி பேசுகிறவர்களை எடுக்கப் போனால் முகமும் இரண்டு கையும் சட்டகத்தை விட்டு வெளியே போகக் கூடாது, ஒற்றை நிறச் சட்டை வேண்டும், இலை நிழல் ஆகாது. எல்லாவற்றுக்கும் மேலே, எடுத்ததை ஊரை விட்டுக் கிளம்பும் முன் அவர்களிடமே போட்டுக் காட்டிவிடுங்கள். ஆடியில் போனால் காலை ஆறரைக்குத் தோட்டத்தில் இருக்கிற மாதிரி முதல் நாளே சின்னமனூர் போய்த் தங்குவது நல்லது.

வீடியோவை என் சேனலில் போட்டு, ஜெசிந்தாவின் பெயரை மேலே எழுதினேன். குரல் இல்லை, பின்னணி இசை இல்லை. முதல் நாளே ஒருவர் கீழே எழுதினார்: "சத்தமே வரல, செக் பண்ணுங்க மேடம்." நான் என்ன பதில் போடலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஜெசிந்தா போட்டுவிட்டார்.

"சத்தம் இல்லை. என்னைப் பாருங்கள்."