ஏ.சி. அறையில் வேதா அண்ணன்

எங்கள் அறை நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஞாயிறு காலை அந்தச் செய்தி வந்தது. வேதாசலம் அண்ணன் செய்யூரில், தன் வீட்டில், தூக்கத்திலேயே போய்விட்டார். கத்தாரில் ஒரே அறையில் குடித்தனம் நடத்திய எங்கள் எட்டுப் பேரில் முதலில் புறப்பட்டதும் அவர்தான். எதற்கும் வரிசையில் நிற்காத மனிதர். குளியலறைக்கும் அப்படித்தான்.

கட்டடத்தில் அவருக்குக் கம்பி கட்டும் வேலை. வீட்டில் மேனேஜர் என்று சொல்லி வைத்திருந்தார். சாப்பாட்டு இடைவேளையில் அலுவலகக் கிளார்க்கைக் கெஞ்சி, அவர் நாற்காலியில் பத்து நிமிடம் உட்கார்ந்து வீடியோ கால் பேசுவார். மேலே இஸ்திரி போட்ட சட்டை, மேஜைக்குக் கீழே சிமெண்ட் படிந்த பூட்ஸ். "இன்னா குளிரு! ஏசிய கொறைக்க சொல்லணும்" என்று மனைவியிடம் அலுத்துக்கொள்வார். வெளியே வெயிலில் நிற்கும் எங்களுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வினை அதில்தான் வந்தது. மகன் கார்த்தி, டிப்ளமோவைப் பாதியில் விட்டுவிட்டு நானும் வருகிறேன் என்றான். அண்ணனுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் உச்சி வெயிலில் என்னைச் சாரத்துக்கு அழைத்துப்போய் போனைக் கையில் திணித்தார்.

"என்னிய காட்டு. கம்பியையும் காட்டு. வெயிலு நல்லா தெரியணும்."

மகன் திரையில் வந்ததும், "டேய், நா மேனேஜர் இல்லடா" என்றார்.

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "தெரியும்பா. எந்த மேனேஜர் மூஞ்சில ஹெல்மெட் வாரு அச்சு கீது? அம்மாவுக்கு மொதல்லேந்தே தெரியும். உன் மனசு கஷ்டப்படும்னு சொல்லல. நா தெரிஞ்சுதான் வரேங்கிறேன். இங்க கம்பி கட்னா இதுல பாதிகூட தர மாட்டான்."

அண்ணன் ஹெல்மெட்டைக் கழற்றினார். பிறகு சொன்னார்: "அதுக்குதான்டா நா வந்துகீறேன். வூட்டுக்கு ஒர்த்தன் போதும். நீ படி."

கார்த்தி படித்து முடித்தான். இப்போது செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயிலில் வேலைக்குப் போகிறான். துக்கம் கேட்கப் போனபோது, அப்பா அங்கே வாங்கியதைவிடத் தன் சம்பளம் இன்னும் குறைவுதான் என்று அழுகைக்கு நடுவே சிரித்தான்.

அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு பேச்சுதான். விடுமுறை முடிந்து அடுத்த வாரம் நான் மறுபடி விமானம் ஏற வேண்டும். நேற்று புதுப்பட்டினத்தில், எங்கள் வீட்டில், என் மகன், பாஸ்போர்ட் எடுக்கட்டுமா என்று கேட்டான். வூட்டுக்கு ஒருத்தன் போதும் என்று அண்ணன் குரலிலேயே அதட்டினேன்.

"சரிப்பா. இனிமே அது நானா இருக்கட்டும். நீ வூட்ல இரு" என்றான்.

இதற்கு என்ன பதில் சொல்வது என்று கேட்க அண்ணன் இல்லை.